ஃபைபர் வள்ளம்: பெயிண்டுக்கு முன்னாடி எந்தப் பட்டி போடுறது?

தரவை_தம்பி (புதுமடம்)

எல்லாருக்கும் வணக்கம். 24 அடி ஃபைபர் வள்ளம் ஒண்ணு பழசா வாங்கியிருக்கோம். நண்டு வலைக்குப் போற வள்ளம். வேலை முடிஞ்சா கரையில இழுத்துப் போட்டுருவோம், தண்ணியில கட்டி வைக்கிறதில்ல. ஒழுகல் எதுவும் கிடையாது. பெயிண்ட் அடிச்சுருவோம்னு தேய்க்க ஆரம்பிச்சா ஒவ்வொண்ணா வெளிய வருது.

அணியத்துல (முன் பக்கம்) வலது பக்கம் மயிரிழை வெடிப்பு, ஒரு சாண் அகலத்துக்கு. அடியில ஏராவை (அடிக்கட்டை) ஒட்டி மண்ணுல இழுபட்டு ஜெல்கோட் (வெளிப் பூச்சு) போயி மேட்டோட (ரெசின்ல ஊற வச்சு அடுக்குற கண்ணாடி நூல் விரிப்பு) நூல் தெரியுது. மேல் விளிம்புல பழைய போல்ட் ஓட்டை அஞ்சாறு, எதுக்குப் போட்டாய்ங்கன்னே தெரியல. இது போக தண்ணி மட்டத்துக்குக் கிட்ட உள்ளங்கை அளவுக்கு முந்தி யாரோ போட்ட பட்டி. ஸ்க்ரூடிரைவரை வச்சு நெம்புனதும் அப்படியே பேந்து வந்துருச்சு, உள்ள ஈரம்.

மேல டூ-பேக் பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்கிறதா இருக்கோம். ராமநாதபுரத்துல ஒரு கடையில கேட்டா கார் பட்டி எடுத்துட்டுப் போங்கன்றாங்க. இன்னொரு கடையில எபாக்சி தவிர எதுவும் போடாதீங்கன்றாங்க. விலை எங்கயோ இருக்கு. எதை வாங்குறது?

பெயிண்டர்_பரமக்குடி

நான் பஸ், லாரி பாடிக்குப் பட்டி பார்க்கிற ஆளு. கார் பட்டின்றது பாலியஸ்டர் பட்டிதான், தாராளமா போடலாம் தம்பி. சிவப்பு ட்யூப் ஹார்டனர் நூத்துக்கு ரெண்டு கிராம் கணக்குல கலந்து அடிச்சா இருபது நிமிஷத்துல தேய்க்கலாம். ஃபைபர் பம்பருக்கு அதைத்தான் போடுறோம், பஸ் முன் முகப்பே இப்ப ஃபைபர்தான். பிரைமர் அடிச்சு பெயிண்ட் ஏத்திட்டா தண்ணி எங்கிட்டுப் போகும்?

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி வாங்கிராதீங்க. டப்பாவைத் திறந்து அப்படியே இழுக்குறது, ஹார்டனர் கிடையாது. அது மேல டூ-பேக் பெயிண்ட் அடிச்சா தின்னர் பட்டு சுருங்கித் தூக்கிரும். கடையில "பட்டி"ன்னு மொட்டையா கேட்டா சில பேரு அதைத்தான் எடுத்துக் குடுப்பாய்ங்க.

பட்டறை_பாய் (கீழக்கரை)

பரமக்குடி அண்ணே சொன்ன என்.சி. விஷயம் நூத்துக்கு நூறு. ஆனா பஸ்ஸு மழையில நனையும், அவ்வளவுதான். வள்ளம் உப்புத் தண்ணியில உக்காந்துருக்கும். ரெண்டும் ஒண்ணில்ல.

தம்பி, பேந்து வந்த அந்தப் பழைய பட்டியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா எடுத்து ரெண்டா ஒடிச்சுப் பாருங்க. பிஸ்கட் மாதிரி பட்டுன்னு ஒடியும். ஒடிஞ்ச முகத்துல பெயிண்ட் பக்கம் வெளுப்பாவும், வள்ளத்தோட ஒட்டியிருந்த பக்கம் கொஞ்சம் கறுத்தும் ஒரு கோடு தெரியும். அந்தக் கறுப்பு வரைக்கும் தண்ணி ஊறியிருக்குன்னு அர்த்தம். முதுகுப் பக்கம் வழவழன்னு இருந்துச்சுன்னா, போட்ட ஆளு அடியில உரசாம ஜெல்கோட் பளபளப்பு மேலயே இழுத்துட்டான். அது எந்தப் பட்டியா இருந்தாலும் பேந்துருக்கும்.

கார் பட்டியில ரெசின் பாதி, மாவு பாதி. அந்த டால்க் மாவு தண்ணியைக் குடிக்கும். தண்ணி மட்டத்துக்குக் கீழ அதைப் போடவே கூடாது. மேல் விளிம்புல, பக்கவாட்டுல, ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் பள்ளத்துக்குப் போட்டு எபாக்சி பிரைமரால நல்லா மூடுனா நிக்கும். நானே மேல்வேலைக்குப் போடுறதுதான். அதனால கடைக்காரர் ரெண்டு பேருமே பொய் சொல்லல. வள்ளத்துல எந்த இடம்னு கேக்காம சொல்லியிருக்காங்க.

மண்டபம்_கேம்ப்

பாய் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். டால்க் தண்ணியைக் குடிக்கிற மாவு இல்ல, தண்ணியை ஒதுக்குற கனிமம்தான். பிரச்சினை மாவோட அளவு. பாதிக்குப் பாதி மாவு சேர்க்கும்போது ரெசின் ஒவ்வொரு துகளையும் முழுசா சுத்தி மூடுறதில்ல. போதாததுக்கு கலக்கும்போது காத்து உள்ள போகுது. காய்ஞ்சதும் கண்ணுக்குத் தெரியாத துளை நிறைய. தண்ணி அது வழியா நடக்குது. அப்புறம் பாலியஸ்டர் ரெசினே தண்ணியில ரொம்ப நாள் கிடந்தா மெல்ல மெல்ல முறியும். சாதா ரகமான ஜி.பி. ரெசின் சீக்கிரம், ஒசத்தி ரகமான ஐசோ ரெசின் தாமதமா.

பெயிண்ட் மூடிரும்னு பரமக்குடி அண்ணன் சொல்றாங்க. தரையில ஓடுற வண்டிக்குச் சரி. மண்ணுல இழுக்குற வள்ளத்துக்குப் பெயிண்ட் எத்தனை நாளைக்கு மூடியிருக்கும்? முதல் கீறல் விழுந்ததும் பட்டிக்குக் கதவு திறந்துரும்.

பட்டறை_பாய்

சரிங்க, மாவு மேல பழி போட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன் 😄. ஆனா கீழ போடக் கூடாதுங்கறதுல மாத்தமில்ல.

தரவை_தம்பி

பாய், ஒடிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்ன கோடு அப்படியே இருக்கு. முதுகும் வழவழன்னுதான் இருக்கு.

பட்டறையில விடலாம்னு பார்த்தா ஒருத்தரும் கையில சிக்கல. தடைக்காலம், விசைப்படகு எல்லாம் மேல ஏறிக் கிடக்கு. ஜூன் 14 வரைக்கும் வர முடியாதுன்றாங்க. அதான் நாங்களே செய்யலாம்னு. கடையில பட்டி வாங்குறதுக்குப் பதிலா ரெசினையும் டால்க் பவுடரையும் வாங்கி நாமளே குழைச்சா என்ன? எங்க ஊருல அப்படித்தான் செய்றாய்ங்க.

தொண்டி_வத்தை

எங்க பக்கமும் அதேதான் தம்பி. பாலியஸ்டர் ரெசின், அதைக் காய வைக்கிற கோபால்ட், கேட்டலிஸ்ட், அப்புறம் டால்க். நாலையும் வாங்கி ஒரு வாளியில குழைச்சு அப்புறது. வருசா வருசம் பேந்துரும், வருசா வருசம் அப்புவோம். செலவு கம்மிதான், ஆனா கூலியைக் கணக்குல சேர்த்துப் பாத்தா கம்மியான்னு சந்தேகம்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிங்க. பாக் நீரிணைப் பக்கம் எங்களுக்கு ஆழமில்லாத சேத்துக் கடல். வத்தை (எங்க பக்கத்து வள்ளம்) தண்ணியிலயே கட்டிக் கிடக்கும். ஊறல்தான் எங்களுக்கு வினை. உங்க மன்னார் வளைகுடாப் பக்கம் கரையில இழுக்குறீங்க, மணலும் பார்க்கல்லும். உங்களுக்குத் தேய்மானம்தான் வினை. ஏராவுல நூல் தெரியுதுன்னா அங்க எந்தப் பட்டியும் நிக்காது. பட்டி பள்ளத்தை நிரப்பத்தான். தேய்ஞ்ச சதையைத் திரும்ப வைக்கணும்னா மேட்டுதான்.

பட்டறை_பாய்

தொண்டி அண்ணே சொன்னதுதான் இந்த இழையிலயே முக்கியமான வரி. ஏராவைப் பட்டிக் கணக்குல சேர்க்காதீங்க தம்பி. நல்லா உரசி, 450 மேட்டு (சதுர மீட்டருக்கு 450 கிராம்) ரெண்டு பட்டை, முதல் பட்டையை விட ரெண்டாவது ஒரு இஞ்சு அகலமா. அது காய்ஞ்ச பிறகு மேடு பள்ளத்துக்கு மட்டும் பட்டி. எங்க பக்கம் சில பேரு அதுக்கு மேல தேயுறதுக்குன்னே ஒரு பட்டை வச்சிருவாங்க. அது தேஞ்சா அதை மட்டும் மாத்துனா போதும், வள்ளத்தோட உடம்பு தேயாது.

அடுத்து வெடிப்பு. பட்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அஞ்சு ரூபா காசு ஒண்ணை எடுத்துட்டு வெடிப்பைச் சுத்தித் தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடத்துல கணீர்னு கேக்கும். உள்ள அடுக்கு பிரிஞ்ச இடத்துல தொப்புனு கேக்கும். தொப்புன்னா பட்டி வேலை இல்ல, அறுத்து மேட்டு வைக்கிற வேலை. கணீர்னு இருந்து, கட்டை விரலால அமுக்குனா அசையாம இருந்தா ஜெல்கோட்டு மட்டும்தான் வெடிச்சிருக்கு.

வெடிப்போட முகத்தையும் பாருங்க. ஒரு புள்ளியிலருந்து நாலா பக்கமும் ஓடுனா எங்கயோ இடிச்சது. ஒரே திசையில வரிசையா ஓடுனா அந்த இடம் வளைஞ்சு வளைஞ்சு வெடிச்சது. ரெண்டாவது ரகத்துக்கு உள்பக்கம் ஒரு மேட்டு வச்சு இறுக்கம் குடுக்காம வெளிய பட்டி மட்டும் போட்டீங்கன்னா, அதே கோட்டுல அடுத்த வருசம் திரும்ப வரும்.

மூக்கையூர்_மாப்ள

மயிரிழை வெடிப்புக்கு மேலேயே பட்டியை இழுத்துரலாமா? எதுக்குக் கிண்டணும்?

பட்டறை_பாய்

கிண்டித்தான் ஆகணும் மாப்ள. மயிரிழைக்குள்ள பட்டி போகாது, மேல ஒரு தோலு மாதிரி நிக்கும். கூர்மையான ஸ்க்ரேப்பரோ பழைய உளியோ வச்சு வெடிப்பை வி மாதிரி விரிச்சுருங்க, நல்ல மேட்டு தெரியுற வரைக்கும். ரெண்டு பக்கமும் அரை இஞ்சுக்கு 80 நம்பர் எமரித் தாள் போட்டு உரசுங்க.

உரசுறதுக்கு முன்னாடி அசிடோன்ல துடைங்க. பின்னாடி இல்ல, முன்னாடி. அச்சுல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த மெழுகு, மோட்டார் ஆயில், மீன் கொழுப்பு எல்லாம் மேல இருக்கும். துடைக்காம உரசுனா எமரி அதையெல்லாம் கீறலுக்குள்ளயே தேச்சு வச்சிரும். அப்புறம் எத்தனை விலை பட்டி போட்டாலும் பிடிக்காது.

மண்டபம்_கேம்ப்

தரவை தம்பி கேட்ட சொந்தப் பட்டிக்கு வருவோம். குழைக்கிறதுல தப்பில்ல, எதைப் போட்டுக் குழைக்கிறோம்ங்கறதுதான். டால்க் மலிவு, தேய்க்க லேசு, ஆனா பலம் கிடையாது. ஃபைபர் கடையில ஏரோசில்னு கேட்டா ஒரு வெள்ளைத் தூள் குடுப்பாங்க, சிலிக்கா. மூட்டை பெருசா இருக்கும், தூக்குனா கனமே இருக்காது. அதைக் கொஞ்சம் போட்டாலே ரெசின் வழியாம நிக்கும். தகட்டுல எடுத்து நேரா நிறுத்துனா கீழ இறங்கக் கூடாது, அதுதான் பக்குவம். காய்ஞ்சா கல்லு. தண்ணிக்குக் கீழ இதுதான். ஓட்டை, மூலை மாதிரி பலம் வேணும்ங்கற இடத்துக்கு மேட்டை பொடிசா வெட்டி அந்த நூலையும் சேர்த்துக்கலாம்.

மைக்ரோ பலூன்னு இன்னொரு தூள் இருக்கு. உள்ள வெறும் காத்து இருக்கிற சின்னக் கண்ணாடி உருண்டை. தேய்க்க சுகமா இருக்கும், பெரிய பரப்பைச் சமன் பண்ண அதை விட்டா ஆளில்ல. தேய்க்கும்போது மேல இருக்கிற உருண்டை உடைஞ்சு குழி குழியா நிக்கும். அதனால தண்ணி மட்டத்துக்கு மேல மட்டும் வச்சுக்கங்க. மேல ஒரு கை வெறும் எபாக்சி இழுத்து மூடிட்டுப் பிரைமர் அடிங்க.

ரெண்டு தூளும் காத்துல பறக்கும், முகமூடி இல்லாம மூட்டையைப் பிரிக்காதீங்க.

இனி எந்த ரெசின்? என் கணக்கு ரொம்ப எளிசு. மேல என்ன வருதுன்னு பாருங்க. ஜெல்கோட்டே திரும்ப அடிக்கப் போறீங்கன்னா பாலியஸ்டர்லயே இருந்துருங்க, காய்ஞ்ச எபாக்சி மேல ஜெல்கோட் சரியா பிடிக்காது, காயவும் அடம் பிடிக்கும். பெயிண்ட்தான் அடிக்கப் போறீங்கன்னா அந்தக் கவலையே இல்ல. எபாக்சி பழைய பாலியஸ்டரை நல்லா கவ்வும், காயும்போது சுருக்கமும் ரொம்பக் கம்மி. பாலியஸ்டர் சுருங்கும், அதனாலதான் பட்டி போட்ட ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு பின்னாடி எட்டிப் பாக்குது.

பெயிண்டர்_பரமக்குடி

எபாக்சி எபாக்சின்றீங்க, விலை ரெண்டு மடங்குக்கு மேல. காய ஒரு ராத்திரி ஆகும். தம்பி 24 அடி வள்ளம் வச்சிருக்காரு, கப்பல் இல்ல. கடனை உடனை வாங்கி வள்ளம் எடுத்தவருகிட்ட இப்படி அடுக்குனா எப்படி?

மண்டபம்_கேம்ப்

நியாயமான கேள்விண்ணே. ஆனா அவரு பட்டியல்ல ஏராவை எடுத்துட்டா மிச்சம் என்ன? ஒரு சாண் வெடிப்பு, ஒரு உள்ளங்கை பள்ளம், ஆறு ஓட்டை. ஒரு கிலோ எபாக்சி வாங்குனா மீதி இருக்கும். கிலோ விலை கூடன்னாலும் வேணுங்கறது கிலோவே இல்ல.

ஏராவுக்கு மேட்டு வேலை பாலியஸ்டர்லயே செய்யட்டும். அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. கடையில கிடைக்கிற சாதா மேட்டுல நூலை ஒட்டி வச்சிருக்கிற பசை ஸ்டைரீன்ல கரையுற பசை. பாலியஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன் இருக்கு, மேட்டு இளகிப் படியும். எபாக்சியில ஸ்டைரீன் கிடையாது, மேட்டு விறைச்சுக்கிட்டு நிக்கும். எபாக்சியில அடுக்கணும்னா நெய்த துணி வாங்கணும்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. முதல்ல பாலியஸ்டர் மேட்டு வேலை எல்லாம் முடிச்சுரணும், பிறகு எபாக்சி பட்டி. எபாக்சி மேல பாலியஸ்டர் ஏறாது.

பாசி_அக்கா (பாம்பன்)

நாங்க பாசி எடுக்கப் போற சின்ன வள்ளம். போன வருசம் என் வீட்டுக்காரர் ரெசின்ல மேட்டு வச்சாரு, ரெண்டு நாளாகியும் மேல பிசுபிசுன்னே இருந்துச்சு. கையை வச்சா ஒட்டுது. எமரி போட்டா எமரியை அடைச்சுக்குது. கேட்டலிஸ்ட் கம்மியாப் போச்சா?

பட்டறை_பாய்

அக்கா, உள்ள கெட்டியா இருந்து மேல மட்டும் பிசுபிசுன்னா கேட்டலிஸ்ட் குறை இல்ல. சாதா ரெசின் காத்து பட்ட முகத்துல முழுசா காயாது, அதோட குணமே அப்படித்தான். கடைசிப் பட்டை போட்டதும் மேல பாலித்தீன் தாளை குமிழ் இல்லாம விரிச்சு ஒட்டிருங்க, காத்து போகாது. காய்ஞ்சதும் உரிச்சா பளிச்சுன்னு இருக்கும். இல்லேன்னா கடைசிக் கோட்டுக்கு மெழுகு கலந்த ரெசின்னு கேட்டு வாங்குங்க, அந்த மெழுகு மேல வந்து மூடிக்கும். ஆனா அது காய்ஞ்ச பிறகு மெழுகைத் துடைச்சு உரசித்தான் பட்டி போடணும்.

இப்ப இருக்கிறதை அசிடோன்ல துணியை நனைச்சுத் துடைச்சு எடுத்துட்டு உரசுங்க, அடைக்காது.

மண்டபம்_கேம்ப்

பாலியஸ்டர் வேலை செய்யுறவங்க எல்லாருக்கும் ஒண்ணு. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. ஒரே கரண்டி, ஒரே மூடி கூட வேண்டாம். ரெண்டும் தனியா சந்திச்சா தீ, வெடிப்பு வரைக்கும் போகும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல முழுசா கலக்கிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போயிரும், உடனே கால் மணி நேரமாவது தண்ணி ஊத்திக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கண்ணாடி போட்டுக்கங்க. கரையில பாதிப் பேரு பல்லால கடிச்சு மூடியைத் திறக்கிறதைப் பார்த்திருக்கேன், வயித்தைக் கலக்குது.

தரவை_தம்பி

எபாக்சிதான்னு முடிவு பண்ணிட்டோம். அப்பா கேக்குறாரு: வெயில் இப்படி அடிக்குதே, ஹார்டனரைக் குறைச்சு ஊத்துனா கட்டாம ரொம்ப நேரம் நிக்குமான்னு. ரெசினுக்குக் கேட்டலிஸ்ட்டைக் குறைக்கிற மாதிரி.

பட்டறை_பாய்

இது முக்கியம். நிறைய பேரு இங்கதான் வழுக்குறாங்க.

பாலியஸ்டர்ல கேட்டலிஸ்ட் தூண்டி விடுற சாமான். வெயிலுக்குத் தக்க நூத்துக்கு ரெண்டுல இருந்து ஒண்ணு வரைக்கும் இறக்கலாம், அதுக்குக் கீழ போனா காயாது. எபாக்சியில ஹார்டனர் தூண்டுறதில்ல, அதுவே கூட்டாளி. ரெசினோட கணக்குப்படி சேர்ந்துதான் கெட்டியாகும். குறைச்சா ரப்பர் மாதிரி நிக்கும், கூட்டுனாலும் கெட்டுப் போகும். சில ஹார்டனர் எடையில நூத்துக்குப் பத்து. சிலது நூத்துக்கு அம்பது. டப்பா மேல என்ன போட்டிருக்கோ அதுதான். நூத்துக்குப் பத்து ரகத்தைக் கண் மட்டத்துல ஊத்தவே முடியாது. சமையலுக்கு வச்சிருக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும், வீட்டுல கேட்டு வாங்கிட்டு வாங்க, திருப்பிக் குடுக்கும்போது துடைச்சுக் குடுங்க.

வெயிலை ஏமாத்த வேற வழி இருக்கு. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு எட்டரைக்குள்ள முடிச்சுருங்க. ஒரு தடவைக்கு நூறு கிராமுக்கு மேல கலக்காதீங்க. கலந்ததும் டம்ளர்லயே விடாம ஒரு தட்டுல பரப்பிருங்க. டம்ளர்ல மொத்தமா இருந்தா தன் சூட்டுல தானே கொதிச்சுப் புகைய ஆரம்பிக்கும், டம்ளரே உருகிரும். பரப்புனா சூடு வெளிய போயிரும், வேலைக்கு நேரம் கிடைக்கும். ரெசினையும் ஹார்டனரையும் முதல்ல நல்லா கலந்துட்டுப் பிறகுதான் ஏரோசில் போடணும். தூளை முதல்ல போட்டா ஹார்டனர் சரியா கலந்துச்சான்னே தெரியாது.

பட்டி இழுக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்துல தூள் போடாத வெறும் எபாக்சியைப் பிரஷ்ல ஒரு கை தடவிருங்க. மேட்டு அதைக் குடிச்சுக்கும். அது பிசுக்கா இருக்கும்போதே மேல பட்டி.

தொண்டி_வத்தை

ஈரத்தை யாருமே பேசல. அந்த உள்ளங்கைப் பள்ளத்துல ஈரம் இருக்குன்னாரே தம்பி. அதை மூடிட்டா எந்த எபாக்சியும் உள்ள இருந்து தள்ளிரும்.

முதல்ல நல்ல தண்ணியில கழுவணும், உப்பு போகணும். நம்ம ஊருல நல்ல தண்ணிக்கு லாரி பின்னாடி ஓடணும்ங்கறது வேற கதை. நாலு குடமாவது இதுக்குன்னு ஒதுக்குங்க. உப்பு உள்ள இருந்தா அதுவே காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், ஒரு மாசம் வெயில்ல போட்டாலும் காயாது. கழுவி, நாலஞ்சு நாள் நல்லா காயவிட்டு, அந்த இடத்துல கண்ணாடி மாதிரி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு பகல் வெயில்ல விடுங்க. தாளுக்கு உள்பக்கம் பனிச்ச மாதிரி இருந்தா இன்னும் ஈரம் இருக்கு, திரும்ப காயப் போடு.

இன்னொண்ணு, இப்ப கச்சான் காத்து தூக்குற நேரம். மத்தியானத்துல இருந்து கடக்கரையில மணலும் உப்புமா பறக்கும். சாயங்காலம் உரசி வச்சுட்டு காலையில பட்டி போட்டா நடுவுல உப்பு படிஞ்சிருக்கும். உரசுன அன்னைக்கே போடணும். முடிஞ்சா வள்ளத்தைத் திருப்பி காத்துக்கு மறைவா வைங்க, பனை ஓலைத் தட்டி ஒண்ணு கட்டுனாலும் சரி.

மூக்கையூர்_மாப்ள

போல்ட் ஓட்டைக்கு எம்-சீல் பிசைஞ்சு அமுக்கிரலாம்ல? ரெண்டு உருண்டை, பத்து நிமிஷம், வேலை முடிஞ்சது.

பட்டறை_பாய்

அதுவும் எபாக்சி ரகம்தான் மாப்ள. கடல்ல போகும்போது ஓட்டை விழுந்தா கையில இருக்க வேண்டிய சாமான், டிபன் டப்பாவோட ஒண்ணு போட்டு வைங்க. ஆனா பெயிண்டுக்குக் கீழ நிரந்தரமா நிக்கணும்னா ஓட்டைக்குள்ள அமுக்குன உருண்டை, குலுங்கக் குலுங்க ஆணி மாதிரி தனியா கழன்டு வரப் பாக்கும். சுவரு மழுமழுன்னு இருக்கிற நேர் ஓட்டை எதுலயும் இப்படித்தான்.

பெரிய டிரில் பிட்டை வச்சு ஓட்டையோட வாயை உள்ளயும் வெளியயும் விரிச்சுருங்க. நடுவுல ஒடுக்கம், ரெண்டு பக்கமும் அகலம். பின்னாடி டேப் ஒட்டி, முன்னாடியிருந்து ஏரோசில் எபாக்சி, நூல் கொஞ்சம் சேர்த்து. காய்ஞ்சதும் டேப்பை உரிச்சு மறுபக்கத்தையும் நிரப்பிருங்க. இனி அது எங்கிட்டும் கழலாது. பழைய ஓட்டையில எண்ணெய் இறங்கியிருக்கும், அசிடோன் நனைச்ச துணித் திரியை விட்டு முறுக்கி எடுத்துட்டுச் செய்யுங்க.

பாசி_அக்கா

இது மர வள்ளத்துக்கு மேல ஃபைபர் ஒட்டுனதுக்கும் பொருந்துமா? எங்க அண்ணன் வள்ளம் அப்படி. ஓரத்துல உரிஞ்சு நிக்குது.

மண்டபம்_கேம்ப்

அது வேற நோய்ங்க அக்கா. மரம் நனைஞ்சா ஊதும், காய்ஞ்சா சுருங்கும். பாலியஸ்டர் மரத்தை அவ்வளவா கவ்வாது, அதனால அடுக்கு மொத்தமா உரியுது. பட்டி வச்சு ஓரத்தை ஒட்டுனா நடுவுல உரியும். உரிஞ்ச வரைக்கும் வெட்டி எடுத்து, மரத்தை நல்லா காய வச்சு, எபாக்சியில துணி போடணும். மரம் உளுத்திருந்தா ஓடாவிகிட்ட (வள்ளம் கட்டுற ஆசாரி) போறதுதான் வழி. தனி இழை போடுங்க, அங்க பேசலாம்.

தரவை_தம்பி

ஏரா மேட்டு முடிஞ்சது. காசு வச்சுத் தட்டுனதுல வெடிப்புல ஒரு மூலை மட்டும் தொப்புன்னுச்சு, அதை வெட்டிப் பார்த்தா ரெண்டு அடுக்கு பிரிஞ்சிருக்கு. அங்கயும் மேட்டு வச்சாச்சு. மிச்சத்துக்கு எபாக்சி பட்டி நேத்து காலையில போட்டோம். கெட்டியாயிருச்சு, ஆனா கையால தடவுனா மேல எண்ணெய் மாதிரி வழுக்குது. அசிடோன்ல துடைச்சேன், போன மாதிரி இருந்துச்சு, திரும்பவும் வழுக்குது. கணக்குல தப்பா?

மண்டபம்_கேம்ப்

நகத்தால கீறுனா பதியுதா? பதியலேன்னா கணக்கு சரி. அது ஹார்டனர்ல இருக்கிற அமீன், காத்துல இருக்கிற ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேர்ந்து மேல படியுற படலம். கடக்கரையில ராத்திரி ஈரக் காத்துல காயும்போது அடிக்கடி வரும். அது தண்ணியில கரையும், அசிடோன்ல சரியா போகாது, இழுசிக்கிட்டே இருக்கும். நல்ல தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் போதும். தேய்ச்சுக் கழுவி, துணியில துடைச்சு, காய்ஞ்ச பிறகு எமரி. கழுவாம எமரி போட்டா படலத்தை உள்ள தேச்சுருவீங்க, பிரைமர் மீன் செதில் மாதிரி பேந்துரும்.

தரவை_தம்பி

பதியல. கழுவிட்டேன், வழுக்கல் போயிருச்சு. இனி தேய்க்கிறதுக்கு எத்தனாம் நம்பர்?

பெயிண்டர்_பரமக்குடி

இது என் ஏரியா. முதல்ல 80, மேடு இறங்குற வரைக்கும். பிறகு 120, கடைசியில 180 இல்லேன்னா 220. அதுக்கு மேல வழவழப்பாக்காதீங்க, பிரைமருக்குப் பிடி வேணும்.

கையால எமரியைப் பிடிச்சுத் தேய்க்காதீங்க. விரல் அமுங்குற இடத்துல பள்ளம் விழும். உங்க பட்டி கல்லு, பக்கத்துல இருக்கிற ஜெல்கோட் அதை விட மெது. கையால தேய்ச்சா ஜெல்கோட்தான் தேயும், பட்டி மேடா நிக்கும். ஒரு முழ நீள மரக்கட்டையில எமரியைச் சுத்தி, குறுக்கு மறுக்கா தேயுங்க. நடுவுல பென்சிலால அங்கங்க கிறுக்கி விட்டுட்டுத் தேய்ச்சா, பென்சில் கோடு அழியாம நிக்கிற இடம் பள்ளம். பள்ளத்துக்கு ரெண்டாவது கை பட்டி.

ஊசி ஓட்டை இருக்கும், பிரைமர் மூடிரும்னு நினைக்காதீங்க. பெயிண்ட் பளபளப்பு ஏற ஏற ஊசி ஓட்டை கண்ணைக் குத்தும். கூர்மையான தகட்டால அழுத்தி இழுத்து நிரப்புங்க. எபாக்சி பிரைமர் ரெண்டு கை, அதுக்கு மேல பியூ. எபாக்சியை வெயில்ல மொட்டையா விடக் கூடாதுன்னு இவங்க சொல்ல மறந்துட்டாங்க. வெயில் பட்டா மாவா உதிரும், பெயிண்ட் ஏறியே ஆகணும். டூ-பேக் பியூவை ஸ்ப்ரேயில அடிக்கணும்னா சாதா துணி முகமூடி பத்தாது, அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். ரோலர்ல உருட்டி பிரஷ் நுனியால தடவி விடுங்க, கரையில அதுதான் நல்லது.

தேய்ச்ச தூள் கடல்ல கலக்காம கீழ ஒரு தார்ப்பாய் விரிச்சுக்கங்க. உடம்பு அரிச்சா சுடுதண்ணி ஊத்திராதீங்க, பச்சைத் தண்ணி.

தரவை_தம்பி

பிரைமர் ஒரு கை ஆச்சுண்ணே. பென்சில் வித்தை பிரமாதம், பக்கத்து வள்ளத்துக்காரவுக வேடிக்கை பார்த்துட்டு அவுகளும் பென்சில் வாங்கிட்டாக. கடைசியா ஒரு கேள்வி. பெயிண்ட் முடிஞ்சதும் எப்ப தண்ணியில இறக்குறது? நண்டு சீசன் கையை விட்டுப் போகுதுன்னு அப்பா மூணாம் நாளே இறக்கணும்னு நிக்கிறாரு.

பட்டறை_பாய்

மூணாம் நாளு தொட்டுப் பாத்தா காய்ஞ்சுதான் இருக்கும். உள்ள இன்னும் முத்தியிருக்காது. டூ-பேக் பியூவும் எபாக்சியும் நம்ம சூட்டுக்கு ஒரு வாரம் விட்டா முழு இறுக்கம் வரும். தண்ணி கூட பரவாயில்ல, உங்களுக்கு மணல்ல இழுக்கணும். அரைகுறையா காய்ஞ்ச பெயிண்டோட ஒரு இழுப்பு இழுத்தா ஏராவுல மேட்டு திரும்பத் தெரியும். ஏழு நாள்னு அப்பாகிட்ட சொல்லுங்க. அந்த நேரத்துல விளிம்புல பதிவு எண்ணை எழுதிருங்க, பழைய எண் பெயிண்டுக்குள்ள போயிருக்கும்ல.